கிலோமீட்டர் கூடினால் நேரமும் கூடுமா? விமானப் பயணத்தின் தூரமும் நேரமும்

2016 அக்டோபரில் ஏர் இந்தியா தன் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தின் திசையையே மாற்றியது. அதுவரை அந்த விமானம் மேற்கே கிளம்பி, ஐரோப்பாவையும் அட்லாண்டிக் கடலையும் தாண்டி அமெரிக்காவின் மேற்குக் கரைக்குப் போய்க்கொண்டிருந்தது. புதிய வழியில் கிழக்கே கிளம்பி, பசிபிக் கடலைக் கடந்து அதே ஊரில் போய் இறங்கியது. பழைய வழியைவிட இது சுமார் 1,400 கிலோமீட்டர் அதிகம். மொத்தம் ஏறக்குறைய 15,300 கிலோமீட்டர். ஆனால் பயணம் 14½ மணி நேரத்தில் முடிந்துவிட்டது. பழைய வழியில் இதைவிட அதிக நேரம் ஆகும்.

தூரம் கூடியது, நேரம் குறைந்தது. சாலையில் போய்ப் பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடாது. இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்துத் தேடினால் தூரம், நேரம் என்று இரண்டு எண்கள் வந்து நிற்கும். ஒன்றைத் தெரிந்துகொண்டால் இன்னொன்றும் தெரிந்தமாதிரிதான் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் முதல் எண் பூமியின் வடிவத்திலிருந்து வருகிறது, அது மாறாது. இரண்டாவது எண் காற்றிலிருந்தும், நாடுகளின் வான் எல்லைகளிலிருந்தும், ஓடுபாதையில் நிற்கும் வரிசையிலிருந்தும் வருகிறது, அது தினமும் மாறும். இதை ஒருமுறை புரிந்துகொண்டால் பயணச்சீட்டில் அச்சாகியிருக்கும் நேரங்களை வேறு கண்ணோடு பார்ப்பீர்கள்.

தூரத்திலிருந்து தொடங்குவோம்

ஒரு பூகோள உருண்டையையும் ஒரு நூலையும் எடுத்துக்கொள்ளுங்கள். நூலின் ஒரு முனையை நியூயார்க்கிலும் மறு முனையை பெய்ஜிங்கிலும் வைத்து இறுக்கி இழுங்கள். இரண்டு நகரங்களும் ஏறக்குறைய 40 டிகிரி வட அட்சரேகையில்தான் இருக்கின்றன. அதனால் நூல் அந்த அட்சரேகையை ஒட்டிப் பசிபிக் கடலின் மேல் போகும் என்று எதிர்பார்ப்போம். போகாது. அது வழுக்கிக்கொண்டு மேலே ஏறி, வட துருவத்துக்குச் சில நூறு கிலோமீட்டர் பக்கத்தில் போய், மறுபுறம் சீனாவில் இறங்கும்.

அந்த இறுகிய நூல்தான் இரண்டு ஊர்களுக்கு இடையே பூமியின் மேல் போகக்கூடிய மிகக் குறுகிய வழி. இதற்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். பூமியின் மையம் வழியாகச் செல்லும்படி உருண்டையை இரண்டு சம பாதியாக வெட்டினால் விளிம்பில் கிடைக்கும் வட்டமே பெருவட்டம். நிலநடுக்கோடு ஒரு பெருவட்டம். 40 டிகிரி அட்சரேகை பெருவட்டம் அல்ல, அது சிறிய வட்டம். அதனால்தான் அதை ஒட்டிப் போவது சுற்று வழியாகிவிடுகிறது. நியூயார்க்–பெய்ஜிங் பெருவட்டத் தூரம் சுமார் 10,980 கிலோமீட்டர். அட்சரேகையை ஒட்டியே போனால் 14,400 கிலோமீட்டர் வரும். சுவரில் மாட்டிய வரைபடத்தில் நேர்கோடாகத் தெரியும் வழியில் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வீணாகிறது.

வரைபடத்தைக் குறை சொல்லவும் முடியாது. 1569இல் வரைபட அறிஞர் மெர்காட்டர் வரைந்த முறை கப்பலோட்டிகளுக்காக உருவானது. திசையை மாற்றாமல் ஒரே திசைமானிக் கோணத்தில் போனால் அந்த வரைபடத்தில் அது நேர்கோடாக வரும். கப்பலுக்கு அது பெரிய உதவி. அதற்குக் கொடுத்த விலை, துருவங்களை நெருங்க நெருங்க எல்லாமே ஊதிப் பெரிதாகத் தெரிவது. ஆப்பிரிக்காவின் பதினான்கில் ஒரு பங்கே உள்ள கிரீன்லாந்து, அந்த வரைபடத்தில் ஆப்பிரிக்கா அளவுக்கு நிற்கும். விமானத்தின் இருக்கைத் திரையில் பாதை வில்லாக வளைந்து தெரிவதும் இதனால்தான். விமானம் வளைந்து போகவில்லை. உருண்டையைத் தட்டையாக்கியபோது வளைந்தது வரைபடம்தான்.

சரி, கிலோமீட்டர் கணக்கு எப்படி வருகிறது? பூமியின் சுற்றளவு சுமார் 40,030 கிலோமீட்டர். அதை 360 டிகிரியால் வகுத்தால் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 111.2 கிலோமீட்டர். ஆக, பூமியின் மையத்திலிருந்து பார்க்கும்போது இரண்டு ஊர்களுக்கும் இடையே எத்தனை டிகிரி கோணம் என்று தெரிந்தால் போதும், அதை 111.2ஆல் பெருக்கிவிடலாம். நியூயார்க்குக்கும் பெய்ஜிங்குக்கும் இடையே அந்தக் கோணம் 98.7 டிகிரி. அந்தக் கோணத்தை இரண்டு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்துப் பள்ளியில் படித்த சைன், கொசைனிலேயே கண்டுபிடிக்கலாம். இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள். இரண்டு அட்சரேகைகளின் கொசைன்களையும் பெருக்கி, அதைத் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனாலும் பெருக்குங்கள். இரண்டு விடைகளையும் கூட்டினால் வருவது நமக்கு வேண்டிய கோணத்தின் கொசைன். கைபேசிக் கால்குலேட்டரில் இரண்டு நிமிட வேலை. ஒருமுறையாவது செய்து பாருங்கள். பிறகு எந்தத் தளத்தில் தூரத்தைப் பார்த்தாலும் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

பூமி கச்சிதமான உருண்டை அல்ல என்று யாராவது சொல்வார்கள். அது உண்மைதான். நிலநடுக்கோட்டில் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357. ஆனால் இதனால் வரும் பிழை அரை சதவீதத்தைத் தாண்டாது. நம் தேவைக்கு அதை மறந்துவிடலாம்.

விமானிகள் பேசுவது கிலோமீட்டரில் அல்ல, கடல் மைலில். ஒரு டிகிரியில் 60 பாகை நிமிடங்கள். ஒரு பாகை நிமிடத்துக்குப் பூமியின் மேல் எவ்வளவு தூரமோ அதுவே ஒரு கடல் மைல் என்று முதலில் வைத்துக்கொண்டார்கள். இப்போது சரியாக 1.852 கிலோமீட்டர் என்று வரையறுத்திருக்கிறார்கள். பூமியின் அளவிலிருந்தே பிறந்த அலகு என்பதால் எனக்கு இது மிகவும் பிடிக்கும்.

இன்னொரு எண்ணையும் மனதில் வையுங்கள். பூமியில் எந்த இரண்டு இடங்களை எடுத்தாலும் அவற்றுக்கு இடையே அதிகபட்சம் 20,000 கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான் இருக்க முடியும், ஏனென்றால் அதுதான் சுற்றளவில் பாதி. சிங்கப்பூர்–நியூயார்க் இடையே சுமார் 15,350 கிலோமீட்டர். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அதை நிற்காமல் 18½ மணி நேரத்துக்கு மேல் பறந்து கடக்கிறது. பூமி அனுமதிக்கும் தூரத்தில் முக்கால் பங்கு ஒரே மூச்சில்!

நூல் போகும் வழியில் விமானம் போவதில்லை

பெருவட்டத் தூரம் கணக்குக்கான தூரம். விமானம் உண்மையில் பறப்பது எப்போதும் அதைவிடக் கொஞ்சம் அதிகம். கிளம்பும்போது ஓடுபாதை பார்க்கும் திசையில் எழும்பித்தான் திரும்ப வேண்டும். இறங்கும் இடத்தில் வரிசையில் வர வேண்டும். நடுவில் புயல் மேகம் இருந்தால் விலகிப் போக வேண்டும். இவையெல்லாம் சின்னச் சின்னக் கூடுதல்கள்.

பெரிய கூடுதல் அரசியலால் வரும். ஒரு நாட்டின் மேலே பறக்க அந்த நாட்டின் அனுமதி வேண்டும். 2022இல் உக்ரைன் போர் தொடங்கியதும் ஐரோப்பிய விமான நிறுவனங்களுக்கு ரஷ்யாவின் வான்வெளி மூடப்பட்டது. பின்லாந்தின் தலைநகர் ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோ சுமார் 7,800 கிலோமீட்டர்தான். ரஷ்யாவுக்கு மேலே போனபோது ஒன்பது, ஒன்பதரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்த, பின்லாந்து நிறுவனமான ஃபின்ஏரின் விமானங்கள், அதன்பின் சுமார் 13 மணி நேரம் எடுத்துக்கொண்டன. சில நாட்களில் வட துருவத்தைச் சுற்றிப் போயின. இரண்டு நகரங்களும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, பெருவட்டத் தூரத்தில் ஒரு கிலோமீட்டர்கூட மாறவில்லை. பயணம் மட்டும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் நீண்டது.

இன்னொரு காரணம் பாதுகாப்பு. இரண்டு எஞ்சின் விமானத்தில் ஒன்று நின்றுவிட்டால், மிச்சமிருக்கும் ஒன்றை வைத்துக் குறிப்பிட்ட நேரத்துக்குள் ஏதாவது ஒரு விமான நிலையத்தை அடைய வேண்டும் என்பது விதி. ஒரு காலத்தில் அந்த வரம்பு 60 நிமிடம். எஞ்சின்களின் நம்பகம் வளர வளர வரம்பும் நீண்டது. ஏர்பஸ் ஏ350க்கு 370 நிமிடம் வரை அனுமதி உண்டு. தெற்குப் பெருங்கடல்களின் மேல் இறங்க இடமே இல்லாத வெளிகளில் பாதையைத் தீர்மானிப்பதில் இந்த விதிக்கு இன்றும் பங்கு இருக்கிறது.

காற்று என்னும் ஆறு

இந்த விஷயத்திலேயே மிக அழகான பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

நீண்ட தூர விமானங்கள் பெரும்பாலும் ஒலியின் வேகத்தில் 85 சதவீத வேகத்தில் பறக்கின்றன. 11 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை மைனஸ் 56 டிகிரி. அந்தக் குளிரில் ஒலியே மணிக்குச் சுமார் 1,060 கிலோமீட்டர்தான் போகும். அதில் 85 சதவீதம் என்றால் 900 கிலோமீட்டர். எந்த நிறுவனத்தின் விமானமாக இருந்தாலும் இதில் பெரிய வித்தியாசம் இருக்காது. ஒலியின் வேகத்தை நெருங்கினால் காற்றின் எதிர்ப்பு திடீரென்று ஏறும், எரிபொருளைக் குடித்துத் தீர்த்துவிடும். அந்த எல்லையைத் தாண்டிப் பறந்த கான்கார்ட், லண்டன்–நியூயார்க் தூரத்தைச் சுமார் மூன்றரை மணி நேரத்தில் கடந்தது. 1976இல் தொடங்கிய அதன் பயணிகள் சேவை 2003இல் முடிந்தது.

ஆனால் அந்த 900 எதைப் பொறுத்த வேகம்? தரையைப் பொறுத்தது அல்ல, சுற்றியிருக்கும் காற்றைப் பொறுத்தது. ஆற்றில் படகு விடுவதை நினைத்துப் பாருங்கள். துடுப்பு ஒரே மாதிரி போட்டாலும், நீரோட்டத்தோடு போனால் கரையில் மரங்கள் வேகமாக நகரும், எதிர்த்துப் போனால் மெதுவாக நகரும். விமானம் மிதப்பது காற்றாற்றில். அந்த ஆறும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

பூமியின் நடு அட்சரேகைகளில், விமானங்கள் பறக்கும் அதே உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஒடுக்கமான ஒரு காற்றோட்டம் பாய்கிறது. இதுதான் ஜெட் ஸ்ட்ரீம். மணிக்கு 150, 200 கிலோமீட்டர் வேகம் சாதாரணம். குளிர்காலத்தில் 300ஐத் தாண்டும். வெப்ப மண்டலத்துக்கும் துருவத்துக்கும் இடையிலான வெப்ப வேறுபாடே இதை ஓட்டுகிறது, குளிர்காலத்தில் அந்த வேறுபாடு அதிகம் என்பதால் காற்றும் பலப்படுகிறது. 1920களிலேயே ஜப்பானிய வானிலை அறிஞர் வாசாபுரோ ஓயிஷி பலூன்களைப் பறக்கவிட்டு இந்தக் காற்றை அளந்திருந்தார். உலகம் முழுவதும் படிக்கட்டும் என்று எல்லா நாட்டவருக்கும் பொதுவாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார், ஆனால் வெளியே அதிகம் பேர் கவனிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானுக்கு மேலே மிக உயரத்தில் பறந்த அமெரிக்க விமானங்கள் அந்தக் காற்றில் சிக்கிய பிறகுதான் அதன் வலிமை பரவலாகப் புரிந்தது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். லண்டன்–நியூயார்க் இடையே சுமார் 5,550 கிலோமீட்டர். விமானத்தின் வேகம் 900, கிழக்கு நோக்கி வீசும் காற்று சராசரியாக 100 என்று வைத்துக்கொள்வோம். மேற்கே நியூயார்க் போகும்போது தரையைப் பொறுத்த வேகம் 800, அதனால் பறக்கும் நேரம் ஏறக்குறைய 6 மணி 55 நிமிடம். திரும்பி வரும்போது 1,000, அப்போது 5 மணி 33 நிமிடம். ஒரே தூரத்துக்குப் போகவும் வரவும் ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவான வித்தியாசம். நிஜமான கால அட்டவணைகளிலும் ஏறக்குறைய இந்த இடைவெளிதான் இருக்கும்.

போகும்போது இழந்ததை வரும்போது சம்பாதித்துவிடலாம் என்று தோன்றும். முடியாது. காற்றே இல்லாவிட்டால் போய்வர 12 மணி 20 நிமிடம். மேலே உள்ள இரண்டையும் கூட்டினால் 12 மணி 28 நிமிடம். எதிர்காற்றில் அதிக நேரம் இருக்கிறோம், பின்காற்றில் குறைந்த நேரமே இருக்கிறோம். அதனால் ஒரே வழியில் போய்வரும் பயணத்தில் காற்று எப்போதும் நம்மிடமிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்.

2020 பிப்ரவரியில் சியாரா புயலின்போது பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. தரையைப் பொறுத்த அதன் வேகம் ஒரு கட்டத்தில் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. ஒலியை மிஞ்சிவிட்டதா? இல்லை. காற்றுக்குள் அது வழக்கமான வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. ஆறு வேகமாக ஓடியது, அவ்வளவே.

இந்த இடத்தில் எல்லோரும் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. பூமி கிழக்கு நோக்கிச் சுழல்கிறது. அப்படியானால் மேலே எழும்பி மேற்கே போனால் ஊர் நம்மை நோக்கி வந்துவிட வேண்டாமா? நியாயமான கேள்விதான். நிலநடுக்கோட்டில் தரை மணிக்கு 1,670 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்கிறது. ஆனால் காற்றும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது, ஓடுபாதையில் நிற்கும் விமானமும் அதே வேகத்தைக் கொண்டுதான் எழும்புகிறது. ஓடும் ரயிலுக்குள் ஒரு பந்தை மேலே தூக்கிப் போட்டால் அது கைக்கே திரும்புகிறதே, அதே போலத்தான். பூமியின் சுழற்சி ஜெட் ஸ்ட்ரீமைக் கிழக்கே திருப்பிவிடுகிறது என்பது உண்மை. நம் பயண நேரத்தில் சுழற்சி கைவைப்பது அந்தக் காற்றின் வழியாகத்தான்.

டெல்லி–சான் பிரான்சிஸ்கோ கணக்கு இப்போது தானாக அவிழ்ந்துவிடும். கிழக்கே போனதால் பசிபிக் முழுவதும் காற்று முதுகில் தள்ளியது. சிங்கப்பூர்–நியூயார்க் விமானத்தில் இது இன்னும் சுவையாக இருக்கும். பெரும்பாலான நாட்களில் போகும்போது பசிபிக் வழியாகக் கிழக்கே போகிறது, திரும்பும்போதும் அட்லாண்டிக் வழியாகக் கிழக்கேதான் வருகிறது. போய்வந்த பயணி பூமியை ஒருமுறை சுற்றி வந்திருப்பார்.

சீட்டில் இருக்கும் நேரம்

அட்டவணையில் போடுவது வானத்தில் இருக்கும் நேரம் மட்டும் அல்ல. விமானம் நிற்கும் இடத்திலிருந்து சக்கரக் கட்டையை எடுத்து நகரத் தொடங்கியதிலிருந்து, மறுமுனையில் வாயிலில் நின்று கட்டை வைக்கும் வரை உள்ள நேரம் அது. துறையில் இருப்பவர்கள் பிளாக் டைம் என்பார்கள். ஓடுபாதைக்கு உருண்டு போவது, வரிசையில் நிற்பது, மெதுவாக ஏறுவது, இறங்குவது எல்லாம் இதற்குள் அடக்கம். நெரிசலான நிலையங்களுக்கு நிறுவனங்கள் கொஞ்சம் கூடுதலாகவே நேரம் சேர்த்துவைக்கும். தாமதமாகக் கிளம்பிய விமானம் சில நாட்களில் சரியான நேரத்துக்கு வந்து நிற்பது அந்தக் கூடுதலால்தான்.

தோராயமாக மதிப்பிட நான் பயன்படுத்தும் வழி எளிது. பெருவட்டத் தூரத்தை 850ஆல் வகுத்து, அரை மணி நேரம் சேர்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து லண்டன் 14,500 கிலோமீட்டர். வகுத்தால் 17, அரை சேர்த்தால் 17½ மணி. உண்மையான பயண நேரம் அதையொட்டியே இருக்கிறது. நடு அட்சரேகைகளில் கிழக்கே போனால் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், மேற்கே போனால் கூட்டிக்கொள்ளுங்கள். வடக்கு–தெற்காகப் போகும் பாதைகளில் இந்த வித்தியாசம் அவ்வளவாக வராது.

அப்புறம் கடிகாரம். சீட்டில் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊரின் நேரம், சேரும் நேரம் சேரும் ஊரின் நேரம். ஒன்றிலிருந்து மற்றொன்றை நேரடியாகக் கழித்தால் அர்த்தமில்லாத விடைதான் வரும். டோக்கியோவில் சனிக்கிழமை இரவு 10 மணிக்குக் கிளம்பி, ஏழு மணி நேரம் பறந்து ஹொனலுலுவில் இறங்கினால் அங்கே சனிக்கிழமை காலை 10 மணி! கிளம்புவதற்குப் பன்னிரண்டு மணி நேரம் முன்பே போய்ச் சேர்ந்த மாதிரி இருக்கும். தாண்டினால் தேதி ஒரு நாள் மாறும் சர்வதேசத் தேதிக் கோடு நடுவில் இருக்கிறது. எல்லா ஊர்களின் கடிகாரத்தையும் ஒப்பிட வைத்திருக்கும் உலகப் பொது நேரத்துக்கு (UTC) டோக்கியோ 9 மணி முன்னே, ஹொனலுலு 10 மணி பின்னே, ஆக 19 மணி வித்தியாசம். திரும்பும்போது இந்தச் சலுகையைக் கொடுத்துவிட வேண்டும். ஹொனலுலுவில் சனிக்கிழமை நண்பகல் கிளம்பி எட்டரை மணி நேரம் பறந்தால், டோக்கியோவில் ஞாயிறு மாலை 3:30.

குழப்பமில்லாமல் கணக்கிட ஒரே வழி, இரண்டு நேரங்களையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழிப்பது. அப்போதும் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். எல்லா நாடுகளும் முழு மணிக் கணக்கில் இல்லை, நேபாளம் 5 மணி 45 நிமிடம் முன்னே இருக்கிறது. சில நாடுகள் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளுகின்றன, பல நாடுகள் தள்ளுவதில்லை. அதனால் அதே விமானத்தின் நேர வித்தியாசம் மார்ச்சில் ஒன்றாகவும் ஜூலையில் வேறாகவும் தெரியலாம்.

நடுவில் இறங்கி மாறினால்

நேரடி விமானம் இல்லாத ஊர்களுக்கு நடுவில் ஓர் ஊரில் மாற வேண்டும். அந்த ஊர் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பயணம் அடியோடு மாறும். லண்டன்–சிட்னி பெருவட்டத் தூரம் சுமார் 17,000 கிலோமீட்டர். 2019 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனம் சோதனைக்காக ஐம்பது பேரளவில் மட்டும் ஏற்றி, அதை நிற்காமல் 19 மணி 19 நிமிடத்தில் பறந்து காட்டியது. வழக்கமான பயணிகளோ நடுவில் எங்காவது இறங்கித்தான் போகிறார்கள்.

சிங்கப்பூரில் இறங்கினால் முதல் கட்டம் 10,900, இரண்டாவது 6,300, மொத்தம் 17,200 கிலோமீட்டர். நேர்வழியைவிட இருநூறு கிலோமீட்டர்தான் அதிகம், விமானத்துக்கு அது கால் மணி நேரம்கூட இல்லை. ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கினால் 9,100, பிறகு 11,000, மொத்தம் இருபதாயிரத்தைத் தாண்டும். இரண்டும் சீட்டில் ‘ஒரு நிறுத்தம்’ என்றே இருக்கும். பதிவு செய்வதற்கு முன் உருண்டையில் நூலைப் பிடித்துப் பார்த்தால், நடு ஊர் நூலுக்குப் பக்கத்தில் இருக்கிறதா, எங்கோ தள்ளி இருக்கிறதா என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். பக்கத்தில் இருந்தால் கூடுவது இறங்கி ஏறும் நேரமும் காத்திருக்கும் நேரமும் மட்டும்தான். தள்ளி இருந்தால் அவற்றோடு சேர்த்து மூன்று, நான்கு மணி நேரம் வானத்திலும் கூடும்.